குறைந்த விசையில் பறத்தல்: ஃபூர்னியே மர மோட்டார் கிளைடர்களின் வளர்ச்சி (1960–1971)

மோட்டார் கிளைடரின் வரலாறு பெரும்பாலும் கிளைடரில் எஞ்சினைப் பொருத்திய கதையாகவே சொல்லப்படுகிறது. 1935இல் பிரிட்டனில் உருவான கார்டன்-பெய்ன்ஸ் ஆக்சிலியரிக்கு அந்த விளக்கம் பொருந்தும். ஸ்கட் 3 கிளைடரின் உடற்கூட்டுக்குள் மடங்கி மறையும் சிறு எஞ்சினே அதன் புதுமை. ஆனால் பிரான்சில் ரெனே ஃபூர்னியே வடிவமைத்த மர விமானங்களை அந்த வரிசையில் வைப்பது சரியாகாது. காற்றுத்தடையைக் குறைத்துவிட்டால் மிகச் சிறிய எஞ்சினே முழு விமானத்தின் வேலையைச் செய்துவிடும் என்ற எண்ணத்திலிருந்தே அவை பிறந்தன. சறுக்கும் திறன் அந்த எண்ணத்தின் விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதற்சான்று வடிவமைப்பே. 1960இல் பறந்த ஆர்எஃப்-01இல் ஃபோக்ஸ்வாகன் கார் எஞ்சினை மாற்றியமைத்துப் பொருத்தினார் ஃபூர்னியே. 1963இல் வந்த ஆர்எஃப்-3ஐ அல்பாவியா நிறுவனம் தயாரித்தது. அதை வலுப்படுத்தி, சாகசப் பறத்தலுக்கும் ஏற்றதாக்கிய ஆர்எஃப்-4டி, ஜெர்மனியின் டாலமர் பின்ட்ஸில் ஸ்போர்ட்டாவியா-பியூட்சர் நிறுவனத்தில் உருவானது. அதன் இறக்கையை ஒரே மர உத்தரம் தாங்குகிறது. மேற்பரப்பில் ஒரு பகுதி ஒட்டுப்பலகை, மறுபகுதி துணி. உடற்கூட்டின் அடியில் உள்ளே மடங்கும் ஒற்றைச் சக்கரம். தரையில் சாயாமலிருக்க இறக்கைகளின் கீழ் இரு மெல்லிய துணைக்கால்கள். இரண்டு பெரிய சக்கரங்களையும் அவற்றின் தாங்கிகளையும் தவிர்த்ததால் எடையும் காற்றுத்தடையும் சேர்ந்தே குறைந்தன. சுமார் 40 குதிரைத்திறனில் மணிக்கு 180 கி.மீ. அளவில் பறக்க முடிந்ததன் காரணம் இந்தச் சிக்கனமே.

ஆர்எஃப்-4டியில் ஒருவர்தானே பறக்க முடியும், வியப்பென்ன என்று கேட்கலாம். இருவர் முன்பின்னாக அமரும் ஆர்எஃப்-5, 68 குதிரைத்திறனில் இதற்கு விடை தந்தது. அதே காலத்தில் இருவரைச் சுமந்து ஏறத்தாழ அதே வேகத்தில் சென்ற செஸ்னா 150க்கு 100 குதிரைத்திறன் தேவைப்பட்டது. இதைவிட வலுவான மறுப்பு சறுக்குத் திறனைப் பற்றியது. எஞ்சினை நிறுத்தியபின் ஆர்எஃப்-4டி ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 20 மீட்டர்தான் முன்செல்லும். அக்காலத்து மரக் கிளைடரான கா 6 சுமார் 30 மீட்டர் செல்லும். கிளைடர் என்ற அளவுகோலில் இது குறையே. எனினும் சறுக்குத் திறனே முதல் நோக்கமாக இருந்திருந்தால், ஃபூர்னியே தொடக்கத்திலேயே நீண்ட இறக்கையை அமைத்திருப்பார். ஆர்எஃப்-4டியின் 11.26 மீட்டர் இறக்கை அகலம் 17.02 மீட்டராக வளர்ந்தது 1971இல் வந்த ஆர்எஃப்-5பி ஸ்பெர்பரில்தான். கிளைடர் பக்கம் சாய்ந்த நகர்வு பின்னாளைய வளர்ச்சி. மூலக் கருத்து அதுவல்ல.

மரம் வெறும் மலிவுக்காகத் தேர்ந்த பொருள் என்ற கருத்தும் முழுமையானதல்ல. 1957இலேயே ஜெர்மனியில் ஃபீனிக்ஸ் என்ற கண்ணாடியிழைக் கிளைடர் பறந்துவிட்டது. எதிர்காலம் அதன் பக்கமே இருந்தது என்பது உண்மை. ஆயினும் எடைக்கு ஏற்ற வலிமையையும், விலையுயர்ந்த அச்சுகளின்றி வழுவழுப்பான வடிவத்தையும் சிறு பட்டறைக்கு அன்று தந்தது மரமே. அந்த வலிமைக்கு, 1968இல் விமானி மிரா ஸ்லோவாக் ஆர்எஃப்-4டியில் ஜெர்மனியிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து கலிபோர்னியா வரை பறந்ததே சான்று. கடலைக் கடக்க உதவியது எஞ்சினின் சிக்கனமான ஓட்டமே, வெப்பக் காற்றில் மிதக்கும் திறன் அல்ல. ஆகவே இந்த விமானங்களைக் கிளைடர் வரலாற்றின் துணை அத்தியாயமாக ஒதுக்காமல், குறைந்த விசையில் அதிகம் சாதிக்க முயன்ற இலகு விமானங்களின் முன்வரிசையில் வைத்து ஆராய்வதே முறை.