கழிக்கப்பட்ட 13 லாரிகள்

காசாவில் ஒருவருக்கு ஊட்டச்சத்துக் குறைவு வராமலிருக்க நாளொன்றுக்கு 2,279 கலோரி போதும். எடையில் 1,836 கிராம் உணவு. இந்தக் கணக்கைப் போட்டது இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகம். 2007 ஜூனில் ஹமாஸ் காசாவைக் கைப்பற்றியதும் முற்றுகை இறுகியது. அடுத்த ஆண்டே, இந்தக் கணக்கு அடங்கிய 'சிவப்புக் கோடுகள்' என்ற ஆவணம் தயாரானது. கிஷா என்ற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பு ஆண்டுக்கணக்கில் வழக்காடி, 2012 அக்டோபரில் அதை வெளியே கொண்டுவந்தது. அது வெறும் வரைவு, நடைமுறைக்கு வரவே இல்லை என்றது அமைச்சகம்.

அந்த ஆவணத்தில் ஒரு கழித்தல் வருகிறது. தேவையான உணவுக்கு வாரத்தில் 5 நாள், நாளுக்கு 170 லாரி. உள்ளூர் விளைச்சலுக்காக அதில் 68 போய்விடுகிறது. பிறகு, காசா மக்களின் உணவுப் பண்பாட்டையும் பழக்கத்தையும் காரணம் காட்டி இன்னும் 13 லாரி கழிகிறது. ஏன் 13? விளக்கம் எதுவும் இல்லை. வேறு சில சரிக்கட்டல்களும் சேர்ந்து, கடைசியில் வந்து நின்ற எண் 106.

அந்தப் பண்பாடு எது என்று அறிய வேண்டுமானால் வேறோர் ஏட்டைத்தான் புரட்ட வேண்டும். காசாவைப் பூர்விகமாகக் கொண்ட எழுத்தாளர் லைலா எல்-ஹத்தாத், மேகி ஷ்மிட் என்பவருடன் சேர்ந்து 2010-ஐ ஒட்டி அங்கே வீடு வீடாகப் போய்ப் பெண்களின் கைப்பக்குவத்தை எழுதிக்கொண்டார். அதுதான் 'தி காசா கிச்சன்' என்ற நூலானது. சமையல் குறிப்பு என்ற பெயரில் வந்த சமூக வரலாறு அது.

ஏனென்றால் காசாவின் அடுப்படியில் 1948-க்கு முந்தைய ஊர்களெல்லாம் இன்னும் இருக்கின்றன. சுமார் 80,000 பேர் வாழ்ந்த இடத்துக்கு, 1948-ன் அரபு-இஸ்ரேல் போரில் 2,00,000 அகதிகள் வந்து சேர்ந்தார்கள். மஜ்தல், ஹமாமா, இஸ்தூத் என்று அழிந்தும் பெயர் மாறியும் போன ஊர்களின் ருசி, அவர்களோடு முகாம்களுக்கு வந்தது. பிஞ்சுத் தர்பூசணியை நெருப்பில் சுட்டு, ரொட்டியோடு பிசைந்து உண்பது நெகேவ் பாலைவனத்து பெதுவின்களின் வழக்கம். கடற்கரைக்காரர்களுக்கோ பச்சை மிளகாயும் சதகுப்பையும் இல்லாமல் சாப்பாடு இறங்காது. தக்காளி, சதகுப்பை, மிளகாய் மூன்றையும் 'ஸிப்தியா' எனும் மண்சட்டியில் மரக்குழவியால் நசுக்கிச் செய்யும் 'தக்கா' அன்றாடத் தொடுகறி.

பெருநாளிலும் கல்யாணத்திலும் 'சுமாகிய்யா'. புளிப்பான சுமாக் பழத்தை, நாம் புளி கரைப்பதுபோல நீரில் ஊறவைத்துப் பிழிகிறார்கள். அந்தச் சாற்றில் இறைச்சி, கீரை, கொண்டைக்கடலை வேகும். கடைசியில் எள் விழுதும், இடித்த பூண்டும், சதகுப்பை விதையும், மிளகாயும். பெரிய அண்டாவில் ஆக்கிக் கிண்ணம் கிண்ணமாக அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவது வழக்கம். கலோரிக் கணக்கில் அந்தக் கிண்ணங்களுக்கு இடமில்லை.

முற்றுகையின் முதல் 3 ஆண்டுகளில் எது வரலாம், எது வரக்கூடாது என்ற பட்டியல் வெளியிடப்படவே இல்லை. வணிகர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் கிஷா அதைத் தொகுத்தது. கொத்தமல்லி, ஏலக்காய், சீரகம், இஞ்சி, ஜாம், சாக்லேட் எல்லாம் தடை. மார்கரின் விவகாரம்தான் இந்தத் தடையின் உள்நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது: வீட்டுக்கான சிறு பொட்டலம் உள்ளே வரலாம், தொழிலுக்கு உதவும் பெரிய வாளி வரக்கூடாது. தின்னலாம், தயாரித்து விற்கக்கூடாது.

சமையல் எரிவாயு கிடைக்காதபோது மண் அடுப்பும் பிரைமஸ் ஸ்டவ்வும் திரும்ப வந்தன. ரஃபா சுரங்கங்கள் வழியாக எகிப்திலிருந்து ஆடுமாடு முதல் மீன் வரை வந்தது. கடற்கரை ஊருக்குச் சுரங்கவழி மீன்! ஓஸ்லோ ஒப்பந்தப்படி 20 கடல் மைல் போக உரிமையுள்ள மீனவர்களை, 2009-ல் 3 மைலுக்குள் அடைத்துவிட்டிருந்தார்கள். மத்தி மீனின் பெருங்கூட்டங்கள் அதற்கு வெகு அப்பால்.

2010 ஜூனில் உணவுத் தடைகள் தளர்ந்தன. 2023 அக்டோபர் 9 அன்று அறிவிக்கப்பட்ட முழு முற்றுகைக்குப் பட்டியலே தேவைப்படவில்லை: மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை. 2024 தொடக்கத்தில் வட காசாவில் கால்நடைத் தீவனத்தை அரைத்து ரொட்டி சுட்டார்கள். 'குபைஸா' என்ற காட்டுக் கீரையைப் பறித்து வேகவைத்தார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று, காசா நகரம் அடங்கிய மாவட்டத்தில் பஞ்சம் நிலவுவதாக, ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு ஆய்வுக் குழு உறுதிசெய்தது.

இத்தனைக்கும் நடுவே சமையல் குறிப்பு எழுதும் வேலை நிற்கவில்லை. தெற்கே கூடாரங்களுக்கு இடையில் இளைஞர்கள் நிவாரணப் பெட்டியில் வந்த டின் இறைச்சியையும் பயறையும் சமைத்துப் பிள்ளைகளுக்குப் பரிமாறி, அதைக் கைபேசியில் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார்கள். அந்தப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கினால், காய்கறி எப்போது நின்றது, இறைச்சி எப்போது நின்றது, மாவு எப்போது நின்றது என்பதை நாளை வரும் வரலாற்றாசிரியர் அந்தச் சட்டிகளுக்குள்ளேயே படித்துக்கொள்ள முடியும்.