பூசணி வந்த கடல்

தலைமன்னாருக்கு நேரே கடலைத் தாண்டினால் இராமேஸ்வரம். அந்தக் கரையில மஞ்சள் பூசணிக்குப் பறங்கிக்காய் எண்டும் பெயர் இருக்கு. எங்கட கரையில அது வெறும் பூசணிக்காய். ஒரே காய்தான், ஆனா வந்த கதை அவையின்ர பெயருக்குள்ள கிடக்கு.

'பறங்கி' என்பது ஐரோப்பியரைக் குறிக்க அரபு, பாரசீக வழியாக வந்த சொல். இலங்கையில் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தவர்களைப் பறங்கியர் என்கிறோம். காய்க்கும் அந்தப் பெயர் சும்மா வரவில்லை. மஞ்சள் பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492இல் கொலம்பஸ் அங்கே போகும்வரை ஆசியாவில் அது கிடையாது. இங்கே இருந்தது நீத்துப்பூசணி. புதுக்காய் வந்ததும் அந்தக் கரைச் சனம் கொண்டுவந்தவனின் பெயரை அதுக்கு வைத்தது. நாங்கள் பழைய காயின் பெயரையே கொடுத்தோம். வந்த வழி மறந்துபோச்சு.

மன்னாருக்கு அந்தப் பறங்கியர் தூரத்து ஆக்கள் இல்லை. 1560இல் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வரும்வரை, 98 வருடம் இருந்தார்கள்.

இப்ப எங்கட பூசணிக்கறியைப் பாருங்கோ. தோலோட துண்டாக்கி, வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கறிவேப்பிலை போட்டு இரண்டாம் பாலில அவியவிட்டு, கடைசியா முதல்பால் விட்டு இறக்குவம். 100 கிராம் பூசணியில் 90 கிராமுக்கு மேல் தண்ணிதான், 26 கலோரி. ஆனா அந்த மஞ்சள் நிறம் பீட்டா கரோட்டின். உடம்பு அதை விற்றமின் ஏ ஆக்கும். அது குறைந்தால் மாலைக்கண் வரும். கொழுப்போட சேர்ந்தால்தான் இந்தச் சத்து நல்லா உடம்பில சேரும். அந்தக் கொழுப்பைத் தாறது தேங்காய்ப்பால். மிளகாயும் அமெரிக்காவில இருந்து வந்ததுதான். வந்த காயும் வந்த மிளகாயும் எங்கட தேங்காயும் சேர்ந்ததைத்தான் 'பாரம்பரியச் சாப்பாடு' எண்டு சொல்லுறம். அது பொய்யுமில்லை.

யார் இந்த மண்ணுக்கு உரியவர் என்ற கேள்வியால் மன்னார் பட்டது கொஞ்சமில்லை. 1544இல், வேதத்துக்கு மாறினதுக்காக யாழ்ப்பாண அரசன் சங்கிலி இங்கே பல நூறு பேரைக் கொல்வித்தான். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது இந்தத் தீவின் முஸ்லிம்களும் வீடு வாசலை விட்டுப் போனார்கள்.

'அவை வந்தேறிகள்' எண்டு இனி ஆராவது சொன்னா, அண்டைக்கு மத்தியானம் என்ன கறி எண்டு கேளுங்கோ.