மூலநிரலுக்கும் தீவுக்கும் இடையே: பழைய லைப்ரரிச் சிக்கலின் வரலாறு, அந்தமானிலிருந்து

மென்பொருள் சார்புகளின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. மேக் வந்தது, ஆட்டோகான்ஃப் வந்தது, ஆப்ட் வந்தது, பிப் வந்தது என்று வரிசை போகும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயரில் நின்று அதே வரலாற்றைப் பார்த்தால் வேறொன்று கண்ணில் படும். 2020 ஆகஸ்ட் வரை அந்தமான் நிக்கோபார் தீவுகள் இணையத்துக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. மென்பொருளைக் கட்டும் வேலையை எளிதாக்க வந்த கருவிகள், கட்டுகிறவரின் சுமையில் ஒரு பகுதியை இறக்கி இணைய இணைப்பின் மேல் ஏற்றின. இணைப்பு தாராளமாகக் கிடைத்த ஊர்களில் அந்த இடமாற்றம் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தீவில் அது மணிக்கணக்கில் காத்திருப்பாகத் தெரிந்தது.

சிக்கல் தொடங்கும் இடம் எளியது. மூலநிரலை இறக்கி, விரித்து, கான்ஃபிகர் கட்டளையைக் கொடுத்தால் திரையில் சோதனை வரிவரியாக ஓடும். இந்த லைப்ரரி இருக்கிறதா? இருக்கிறது. அந்த லைப்ரரி? இல்லை. வேலை அங்கே நின்றுவிடும். இல்லாததைத் தேடிக் கொண்டுவந்து நிறுவுவது ஓரளவு சுலபம். லைப்ரரி இருந்தும் பதிப்பு பொருந்தாமல் போவதுதான் கடினம். பத்தாண்டுக்கு முன் எழுதிய நிரல் தன் காலத்து லைப்ரரியைப் பெயர் சொல்லிக் கேட்கும். இன்றைய கணினியில் அதன் பேரப்பிள்ளைதான் இருக்கும்.

லைப்ரரி என்ற ஏற்பாட்டுக்கும் கணினிக்கும் ஏறத்தாழ ஒரே வயது. 1949இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு, அடிக்கடி தேவைப்படும் துணைநிரல்களைத் துளையிட்ட காகித நாடாக்களாக அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். வேண்டியவர் நாடாவை எடுத்துத் தன் நிரல் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். மாரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1951இல் வெளியிட்ட நூல் இந்த முறையை வெளியுலகுக்கு விளக்கியது. அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. படியெடுத்த பிறகு அலமாரியில் உள்ள நாடா மாறினாலும் ஏற்கெனவே எழுதிய நிரலுக்கு ஒன்றும் ஆகாது.

அந்தப் பாதுகாப்பை இடப் பற்றாக்குறை பறித்தது. நினைவகமும் வட்டும் விலை மிகுந்திருந்த 1980களில், ஒரே லைப்ரரியை எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளும் முறை யூனிக்ஸ் கணினிகளில் பரவியது; 1988இல் வந்த சன் ஓ.எஸ். 4.0 அதில் ஒரு முக்கியக் கட்டம். இடம் மிச்சமானது. ஆனால் நடுவில் இருக்கும் ஒரு லைப்ரரி மாறினால் அதை நம்பிய எல்லாமே ஆட்டம் காணும் நிலையும் கூடவே வந்தது. லினக்ஸ் பயனர்கள் இதை முதன்முதலில் பெரிய அளவில் அனுபவித்தது, அடிப்படை சி லைப்ரரி லிப்சி 5இலிருந்து கிளிப்சிக்கு மாறிய 1997, 1998 ஆண்டுகளில். 1997 டிசம்பரில் ரெட் ஹேட் 5.0வும், 1998 ஜூலையில் டெபியன் 2.0வும் புதிய அடித்தளத்துக்கு நகர்ந்தன. பழைய அடித்தளத்தில் கட்டிய நிரல்களை ஓட்ட இரண்டு லைப்ரரிகளையும் அருகருகே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கருவிகள் இதற்கு என்ன செய்தன? பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய மேக், எதை முதலில் கட்டுவது, எதைப் பிறகு கட்டுவது என்ற வரிசையைக் கவனித்தது. டேவிட் மெக்கன்சி 1991இல் தொடங்கிய ஆட்டோகான்ஃப், கணினியில் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்த்தது. இல்லாததை இரண்டுமே கொண்டுவந்து தராது. கொண்டுவந்து தரும் வேலையை டெபியன் பயனர்களுக்குச் செய்தது ஆப்ட். 1999 மார்ச்சில் வெளியான டெபியன் 2.1இல் அது இடம்பெற்றது. ஒரு பொதியைக் கேட்டால் அதன் சார்புகளையும், சார்புகளின் சார்புகளையும் தானே கணக்கிட்டு இறக்கிக்கொள்ளும். இங்கேதான் வலைப்பின்னல் இந்த வரலாற்றுக்குள் அடியெடுத்து வைக்கிறது.

பிறகு அளவு பெருகியது. 1998இன் டெபியன் 2.0வில் ஏறத்தாழ 1,500 பொதிகள் இருந்தன. 2005இன் 3.1 பதிப்பில் 15,400. 2023இன் 12ஆம் பதிப்பில் 64,419. ஒன்றுக்கொன்று முரண்படாத பதிப்புகளைத் தேர்ந்தெடுப்பது கணிதரீதியாகவே கடினமான வகையைச் சேர்ந்தது என்று ஐரோப்பிய ஆய்வாளர்களின் எடோஸ் திட்டம் 2006 வாக்கில் நிறுவியது. 2008இல் ஓப்பன்சூசே 11.0 இதற்கெனத் தருக்கத் தீர்வியையே பொதி மேலாண்மைக்குள் கொண்டுவந்தது.

இதே ஆண்டுகளில் இந்தியாவில் மென்பொருள் எப்படிப் பயணித்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 2003இல் தொடங்கிய லினக்ஸ் ஃபார் யூ இதழ் குறுந்தகட்டோடு வந்தது. கேனோனிகல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை உபுண்டு வட்டுகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக அஞ்சலில் அனுப்பியது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் அந்தமானுக்குச் சென்னையிலிருந்து கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். 4.7 ஜிகாபைட் கொள்ளும் ஒரே ஒரு டிவிடியை அந்தக் கப்பலில் ஒருவர் பையில் வைத்துக்கொண்டு போனால், அது நொடிக்கு 145 கிலோபிட் வேகத்தில் மூன்று நாளும் இடைவிடாது ஓடிய இணைப்புக்குச் சமம். பத்து டிவிடி என்றால் நொடிக்கு 1.45 மெகாபிட். செயற்கைக்கோள் அலைவரிசையைத் தீவு முழுக்கப் பங்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இது இளக்காரமான வேகமன்று.

வேகத்தைவிடப் பெரிய தடை தாமதம். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒரு கோரிக்கை மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்பினால், ஒளியின் வேகத்திலேயே அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பாதுகாப்பான இணைப்பைத் திறக்கவே பழைய நெறிமுறையில் மூன்று சுற்றுகள். கோப்பைக் கேட்க நாலாவது. ஒரு கோப்பின் முதல் எழுத்து வருவதற்குள் ஏறத்தாழ இரண்டு நொடி போய்விடும். இதழின் அட்டை வட்டைப் போல ஒரே பெரிய கோப்பென்றால் இந்த இரண்டு நொடி பொருட்டே இல்லை. சார்புத் தீர்வு என்பதோ நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள். 300 கோப்புகளை, ஒவ்வொன்றுக்கும் புதிய இணைப்பு திறந்து, ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினால் ஒன்பது நிமிடத்துக்கு மேல் வெறும் காத்திருப்பு. அலைவரிசையை எவ்வளவு கூட்டினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. நடுவில் ஒருமுறை இணைப்பு அறுந்தால் பல கருவிகள் முதலிலிருந்து தொடங்கும்.

இந்த நிலைமைக்கு நேராக முகம் கொடுத்த கருவி இந்தியர் ஒருவரிடமிருந்து வந்தது. டெபியன் மேம்பாட்டாளர் ரிதேஷ் ராஜ் சராஃப் எழுதிய ஆப்ட்-ஆஃப்லைன், தொடக்கத்தில் பிப்ட்-ஆஃப்லைன் என்ற பெயரில் இருந்தது. இணைப்பில்லாத கணினியில் அதை இயக்கினால், என்னென்ன வேண்டும், எங்கே கிடைக்கும், சரிபார்ப்புத் தொகை என்ன என்ற சிறு பட்டியல் கோப்பு ஒன்று உருவாகும். அதைப் பென்டிரைவில் எடுத்துப் போய், நல்ல இணைப்புள்ள வேறொரு கணினியில் கொடுத்தால் எல்லாவற்றையும் இறக்கிக் கட்டித் தரும். திரும்பக் கொண்டுவந்து நிறுவலாம். பட்டியல் தயாரிப்பது ஓரிடத்தில், இறக்குவது இன்னோரிடத்தில் என்று வேலையைப் பிரித்ததுதான் இதன் சிறப்பு. மூலநிரல் பொதியையும் அதைக் கட்டத் தேவையான சார்புகளையும் சேர்த்துக் கேட்கும் வசதியும் இதில் உண்டு. மூலநிரலிலிருந்து கட்டுகிறவருக்கு இந்த வசதியின் அருமை உடனே புரியும்.

இணைப்பில்லாத இடத்தில் மென்பொருள் தேவைப்படுவதன் முழுக் கடுமையும் 2004 டிசம்பர் 26 அன்று வெளிப்பட்டது. ஆழிப்பேரலை கார் நிக்கோபாரையும் தெற்குத் தீவுகளையும் உருக்குலைத்தபோது, வேறொரு நோக்கத்துக்காகப் போர்ட் பிளேயர் வந்திருந்த பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழு செய்திகளைக் கடத்தியது. அதே பேரலை தாக்கிய இலங்கையில், லங்கா மென்பொருள் அறக்கட்டளையைச் சுற்றித் திரண்ட தன்னார்வலர்கள் சஹானா என்ற பேரிடர் மேலாண்மை மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனோர் பதிவு, முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்டும் திறமூல மென்பொருள் அது. பி.எச்.பி.யையும் மைசீக்குவலையும் நம்பியது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன்பாட்டுக்கான 2006ஆம் ஆண்டு விருது அதற்குக் கிடைத்தது. தெற்காசியாவின் துயரத்திலிருந்து பிறந்து உலகுக்குப் பயன்பட்ட இந்த மென்பொருளைப் பற்றித் தமிழில் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும்.

அந்தத் தலைமுறை மூலநிரலை இன்று ஒருவர் கட்டி ஓட்ட முயன்றால் என்ன நடக்கும்? அக்காலப் பி.எச்.பி. நிரல்கள் மைசீக்குவலோடு பேசப் பயன்படுத்திய பழைய செயற்கூறுகளைப் பி.எச்.பி. 7, 2015 டிசம்பரில் நீக்கிவிட்டது. ஆகவே பி.எச்.பி. 5 வேண்டும். இன்றைய வழங்கல்களில் அது இல்லை. மூலநிரலிலிருந்து கட்ட வேண்டும். கட்டத் தொடங்கினால் பாதுகாப்பான இணைப்புக்கான லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல் இடிக்கும். 2016 ஆகஸ்டில் வந்த அதன் 1.1.0 பதிப்பு, நிரலர்கள் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்த உள்கட்டமைப்புகளை மூடிவிட்டது, பி.எச்.பி. 5 அவற்றைத் தொட்டே பழகியது. ஆகவே ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 வேண்டும். படங்களைக் கையாளும் பகுதியையும் சேர்த்தால் ஃப்ரீடைப்-கான்ஃபிக் காணவில்லை என்று சோதனை நிற்கும். அந்தச் சிறு நிரலைப் புதிய ஃப்ரீடைப் பொதிகள் கைவிட்டு, பொது வழக்கமான பேக்கேஜ்-கான்ஃபிக்குக்கு மாறிவிட்டன. ஒரு பேரிடர் மென்பொருளை எழுப்ப வந்தவர், அதற்குச் சம்பந்தமே இல்லாத எழுத்துரு லைப்ரரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்.

இதிலிருந்து மீள நடைமுறையில் சில வழிகள் உண்டு. நிரலைத் திருத்திப் புதிய லைப்ரரிக்குப் பொருத்துவதே சரியானது. உழைப்பு அதிகம், ஆனால் அந்த உழைப்பு அடுத்தவருக்கும் பயன்படும். பழைய லைப்ரரியைத் தனி அடைவில் கட்டி, அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் அதைக் காட்டுவது இரண்டாவது வழி. கணினியின் பொது லைப்ரரியை மாற்றி வைக்கும் தவறை இது தவிர்க்கும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2க்கான பொது ஆதரவு 2019 முடிவோடு நின்றுவிட்டது. இணையத்துக்குத் திறந்திருக்கும் சேவையில் அதை வைப்பது ஆபத்து. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் ஓட்டையை நினைத்தால் போதும். 2013க்குப் பின் பரவிய டாக்கர் முறையில் பழைய இயங்குதளத்தையே பெட்டியில் அடைத்து ஓட்டலாம். வசதியானது, ஆனால் பழையது பழையதாகவே உள்ளே இருக்கும். 2005 முதலான பொதிகளைத் தேதிவாரியாகச் சேமித்துவைக்கும் டெபியன் ஸ்னாப்ஷாட் சேவை இல்லாவிட்டால் இவற்றில் பல வழிகள் பேச்சோடு நின்றிருக்கும்.

சஹானாவின் பின்வந்த வடிவமான ஈடன், பைத்தானில் வெப்டுபை சட்டகத்தின்மேல் எழுதப்பட்டது. அதுவும் பைத்தான் 2இல் தொடங்கியது. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஈடனும் பைத்தான் 3க்கு மாற வேண்டியிருந்தது. மொழியை மாற்றியும் சிக்கல் விடவில்லை.

அதே 2020இல் தீவின் இணைப்பு மாறியது. 2018 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேயரில் அடிக்கல் நாட்டப்பட்ட சென்னை–அந்தமான் கடலடிக் கேபிளைப் பிரதமர் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார். நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய், பி.எஸ்.என்.எல். நிறைவேற்றியது. போர்ட் பிளேயரோடு ஸ்வராஜ் தீவு, லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் தீவு, ரங்கத் ஆகியவையும் இணைந்தன. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிளின் முழு நீளத்தையும் போய்த் திரும்பினாலும் 23 மில்லிநொடிதான். மேலே கணக்கிட்ட ஒன்பது நிமிடக் காத்திருப்பு அரை நிமிடத்துக்குள் சுருங்கிவிட்டது. அலைவரிசை உயர்ந்ததைத்தான் செய்திகள் பெரிதாகப் பேசின. மென்பொருள் கட்டுகிறவருக்குத் தாமதம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்ததே பெரிய விடுதலை.

லைப்ரரி வந்து சேரும் சிக்கலைக் கேபிள் தீர்த்தது. லைப்ரரி பழையதாகும் சிக்கல் அப்படியே இருக்கிறது. நல்ல இணைப்பு சார்புகளைப் பெருக்கவும் தூண்டுகிறது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி ஜாவாஸ்கிரிப்ட் பொதியை அதன் ஆசிரியர் நீக்கியதும் உலகெங்கும் மென்பொருள் கட்டுமானங்கள் நின்றன. நொடியில் கிடைக்கிறது என்பதற்காக 11 வரியைக்கூட வெளியிலிருந்து இறக்கும் பழக்கம் ஊறியிருந்தது. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். லைப்ரரியில் திட்டமிட்டு நுழைக்கப்பட்ட கள்ளக்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது, மிகப் புதிய பதிப்புகளுக்கு ஓடியவர்களே ஆபத்தில் இருந்தார்கள். சார்புகளை அடிக்கடி புதுப்பிப்பதோடு, எதை எப்போது எங்கிருந்து எடுத்தோம் என்று பதிந்துவைப்பதும் அதே அளவு முக்கியம்.

ஆகவே தீவில் இயங்கும் கல்லூரிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும், அவற்றுக்கு மென்பொருள் எழுதித் தரும் சென்னைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூலநிரலை ஒப்படைக்கும்போது அது நம்பும் லைப்ரரிகளின் மூலநிரலையும், பதிப்பு எண்களையும், சரிபார்ப்புத் தொகைகளையும் சேர்த்தே ஒப்படையுங்கள். ஒரு வகைக் கணினிக்கான டெபியனின் பொதிகள் முழுவதும் இன்று கடையில் கிடைக்கும் ஒரே வட்டில் அடங்கிவிடும். அதன் கண்ணாடிப் பிரதி ஒன்றைத் தீவிலேயே வைத்து, கேபிள் நன்றாக ஓடும் நாட்களில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது, இணைப்பைத் துண்டித்துவிட்டு, அந்த வட்டை மட்டும் கொண்டு உங்கள் மென்பொருளைத் தொடக்கத்திலிருந்து கட்டிப் பாருங்கள்.