பணிமேடை மாறும்போது தமிழ் என்ன ஆகிறது?

எங்கள் கடையம் 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. இப்போது தென்காசி மாவட்டம். ஊர் நகரவில்லை. ராமநதி அதே இடத்தில்தான் ஓடுகிறது. ஆனால் பெயர்ப்பலகை, முத்திரை, முகவரி என்று எல்லாவற்றையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. லினக்ஸில் பணிமேடையை, அதாவது டெஸ்க்டாப்பை, மேம்படுத்துவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

லினக்ஸ் என்பது உள்ளே இயங்கும் கரு. நாம் பார்க்கும் சாளரங்கள், பட்டிகள், சின்னங்கள் எல்லாம் சேர்ந்தது பணிமேடை. 1996-ல் ஜெர்மானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கேடிஈ திட்டத்தை அறிவித்தார். 1997-ல் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் குனோமைத் தொடங்கினார்கள்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்த் தன்னார்வலர்கள் இணையக் குழுமங்களில் கூடி இவற்றைத் தமிழாக்க ஆரம்பித்தார்கள். அப்போது ஒருங்குறி பரவவில்லை. திஸ்கி குறியாக்கமே வழக்கு. கேடிஈ-க்கு அடிப்படையான கியூட்டி நூலகத்தில் திஸ்கியைப் புரியவைக்கும் நிரலை 2000-ல் எழுதியவர் ஹான்ஸ் பீட்டர் பீக்கர். தமிழர் அல்லாத ஒருவர் நம் எழுத்துக்காக உழைத்திருக்கிறார்!

அதன்பின் 2002-ல் கேடிஈ 3, 2008-ல் கேடிஈ 4, 2014-ல் பிளாஸ்மா 5, 2024-ல் பிளாஸ்மா 6 என்று வந்துகொண்டே இருந்தன. 2011-ல் வந்த குனோம் 3 பழைய பட்டிகளையே எடுத்துவிட்டது. அது பிடிக்காதவர்கள் குனோம் 2-ஐ 'மாத்தே' என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

அதே 2011 செப்டம்பரில்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அவற்றில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்தது அதில்தான்.

அக்காவுக்குக் கிடைத்த அந்த மடிக்கணினியில் பின்னாளில் நான் ஒரு புதிய பணிமேடையை நிறுவினேன். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அம்மா கேட்டாள்: "ஏல, இது என்ன பாதி இங்கிலீசுல இருக்கு?"

காரணம் எளிது. பட்டியில் உள்ள ஒவ்வொரு சொற்றொடரும் ஒரு மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆங்கிலமும் தமிழும் சோடியாக இருக்கும். புதிய பதிப்பில் ஆங்கில வரி மாறினால் பழைய தமிழ் வரி 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கப்படும். யாராவது சரிபார்க்கும் வரை திரையில் ஆங்கிலமே வரும். பழைய தன்னார்வலர்களுக்கு வேலை, குடும்பம் வந்துவிடும். பதிப்புகள் மட்டும் நிற்காமல் வரும்.

எனவே மேம்படுத்துமுன் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மேம்படுத்தியபின் ஆங்கிலத்தில் நிற்கும் வரிகளைக் குறித்துவைத்து, அந்தத் திட்டத்தின் தமிழ்க் குழுவுக்கு மொழிபெயர்த்து அனுப்புங்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நான் இதுவரை பதினோரு வரி அனுப்பியிருக்கிறேன். அவற்றைச் சரிபார்த்தது அம்மாதான்.