கடுக்காயின் துவர்ப்பு

மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் போனால் நாட்டு மருந்துக் கடையில் நாலு கடுக்காய் வாங்கி வாருங்கள். கொட்டையை நீக்கித் தோலை இடித்து வெந்நீரில் ஊறவையுங்கள். துருப்பிடித்த ஆணி ஒன்றை அந்நீரில் போட்டால், சிறிது நேரத்தில் நீர் கறுத்துவிடும். முன்னாளில் இப்படியும் எழுதுமை செய்தார்கள்.

ஆணியின் இரும்பைப் பற்றிக்கொண்ட பொருள் டானின். உலர்ந்த கடுக்காயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. அதைச் சுவைத்தால் உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றும். வாய் துவர்த்துச் சுருங்குவது அதனால்தான்.

இந்தப் பற்றும் குணத்தை அறிந்தவர்கள் வைத்தியர்கள் மட்டுமல்லர். மதுரையில் குடியேறிய சௌராட்டிர மக்களிடையே சாயத்தொழில் செழித்திருந்தது. வேர்களிலிருந்து எடுத்த சிவப்புச் சாயம் பருத்தி நூலில் நேரே ஒட்டாது. நூலைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, பிறகு படிகார நீரில் தோய்ப்பார்கள். டானின் அலுமினியத்தை நூலோடு பிணைக்கும். அலுமினியம் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். மதுரைச் சிவப்பின் பொலிவுக்கு வைகைத் தண்ணீரே காரணம் என்பது ஊர்ப்பேச்சு. கடுக்காய்க்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு என்பேன்! தோல் பதனிடுவோருக்கும் இதே சரக்குதான் உதவிற்று. டானின் பற்றிய தோலைப் பாக்டீரியாவால் எளிதில் அழுகவைக்க முடியாது.

வேதியியலார் பின்னால் வந்தார்கள். 1884இல் ஃபிரிடோலின் என்பவர் கடுக்காயிலிருந்து செபுலினிக் அமிலத்தைப் பிரித்தார். 'செபுலா' என்ற தாவரவியல் பெயர் காபூல் நகரை ஒட்டியது.

1959இல் மெதிசிலின் என்ற மருந்து வந்தது. 1961இலேயே, பிரிட்டனில், அதற்கு மசியாத ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி கண்டறியப்பட்டது. அந்தக் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் காலிக் அமிலத்தையும் அதன் எதில் எஸ்டரையும் 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கடுக்காயிலிருந்தே பிரித்துக் காட்டினார்கள். பாக்டீரியா வளர இரும்பு வேண்டும், நொதிகள் வேண்டும், நொதிகளோ புரதங்கள். ஆணியிலும் தோலிலும் டானின் செய்த வேலை உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆனால், ஆய்வுத் தட்டில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். தட்டில் சாறு கிருமியை நேரே தொடுகிறது. விழுங்கினாலோ, பெரிய டானின் மூலக்கூறுகளில் மிகச் சிறிதளவே குடலைக் கடந்து இரத்தத்தில் சேரும். நுரையீரலில் நோய் கண்டவருக்குக் கடுக்காய்ப் பொடியே போதும் என்று சொல்பவரை நம்பி மருத்துவமனைக்குப் போகாமலிருப்பது ஆபத்து. நம் பாட்டிமார் கடுக்காய் நீரை வாய் கொப்பளிக்கவும் புண் கழுவவும் வைத்துக்கொண்டார்கள். இரண்டுமே சாறு கிருமியை நேரே தொடும் இடங்கள்.