கணக்கு யாருக்காக? கிட்டங்கி முதல் சிறு கணக்கியல் நிறுவனம் வரை

நூறு ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் ஒரு கிட்டங்கிக்குள் நுழைந்தவர் கண்களில் முதலில் படுவது ஒரு நீண்ட கூடம். சுவர் ஓரமாக வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் ஒருவர். ஒரே கூரையின் கீழ் பல தனித்தனிக் கடைகள். பகலில் அது அலுவலகம். இரவில் பலருக்கு அதுவே தங்குமிடம். பினாங்கில் பினாங்கு ஸ்திரீட்டிலும் கோலாலம்பூரில் லெபோ அம்பாங்கிலும் செட்டியார்களின் தொழில் இவ்வாறே நடந்தது.

பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருந்தவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். முதலாளி கடலுக்கு அப்பால் செட்டிநாட்டில் இருந்தார். இங்கிருந்தவர் அவருடைய மேலாள். வழக்கமாக மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்பட்டவர். அவருக்குக் கீழே அடுத்தாள், கணக்குப்பிள்ளை, பெட்டியடிப் பையன் என்ற வரிசை. பெட்டியடிப் பையனாகச் சிறு வயதில் வந்தவன் கணக்கெழுதக் கற்று, அடுத்தாளாகி, ஒரு நாள் மேலாளாக உயர்வதும் உண்டு. அந்தக் கூடமே அவனுக்குக் கல்லூரி.

அன்றைய வரவும் செலவும் அன்றே குறிப்பில் ஏறின. குறிப்பிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போயின. குறித்த காலத்தில் ஐந்தொகை எடுக்கப்பட்டு, விவரம் ஊருக்குப் போனது. தவணை முடிந்து மேலாள் ஊர் திரும்பும்போது கணக்கை முடித்து அடுத்து வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இவ்வளவு கட்டுப்பாடாகக் கணக்கு எழுதச் சொன்னது யார்? வருமான வரி அதிகாரி அல்லர். முதலாளியின் பணம் கடல் கடந்து கிடந்தது. அதைப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே கண் கணக்குப் புத்தகம். அந்தக் கண் மங்கினால் தொழில் கெட்டுவிடும். ஆகவே கணக்கு தொழிலுக்காகவே எழுதப்பட்டது.

மேலை நாட்டிலும் தொடக்கம் இப்படித்தான். 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்ற துறவி ஒரு கணித நூலை அச்சிட்டார். பற்றும் வரவும் சமமாக நிற்கும் இரட்டைப் பதிவு முறையை அதில் விளக்கினார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இத்தாலிய வணிகர்கள் தங்கள் தொழிலின் நிலையைத் தாங்களே அறிய ஏற்கெனவே கையாண்ட முறையைத்தான் எழுதி வைத்தார்.

இன்று சிறு தொழில் செய்யும் ஒருவரிடம், "உங்கள் கணக்கு யாருக்காக எழுதப்படுகிறது?" என்று கேட்டால், "வருமான வரிக்காக" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். தொழிலுக்காக எழுதிய கணக்கு வரிக்காக எழுதும் கணக்காக மாறியது எப்படி? சிறு கணக்கியல் நிறுவனங்களின் வரலாறே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது.

சட்டம் கேட்ட கணக்கு

போர் முடிந்து நாடு மீண்டெழுந்த காலம். 1947இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வருமான வரிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1948 முதல் வரி நடைமுறைக்கு வந்தது. தோட்ட நிறுவனங்களுக்கும் ஈயச் சுரங்க நிறுவனங்களுக்கும் இது பெரிய சிக்கல் அல்ல. அவற்றுக்கு ஆங்கிலத்தில் கணக்கெழுதவும் தணிக்கை செய்யவும் ஆள்கள் இருந்தார்கள். மளிகைக் கடைக்காரருக்கும் துணிக்கடைக்காரருக்கும்தான் இது புதிய உலகம். அவர்களின் கணக்கு தமிழிலோ சீனத்திலோ, சில வேளைகளில் மனத்திலோ இருந்தது. வரி அலுவலகத்தின் மொழி ஆங்கிலம்.

கடைக்கும் அலுவலகத்திற்கும் இடையே இருந்த இந்த இடைவெளியில்தான் சிறு கணக்காளருக்கு வேலை பிறந்தது. கடைக்காரரின் புத்தகத்தைப் படித்து, அரசாங்கப் படிவத்தின் மொழியில் பெயர்த்துத் தருபவர் அவர்.

அடுத்து வந்தவை தொழிலை ஒழுங்குபடுத்திய சட்டங்கள். சிங்கப்பூரில் கணக்காளர் சங்கம் 1963இல் சட்டப்படி அமைந்தது. மலேசியாவில் 1967ஆம் ஆண்டு கணக்காளர் சட்டத்தின் கீழ் மலேசியக் கணக்காளர் கழகம் உருவானது. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும், அதையொட்டிய சிங்கப்பூரின் 1967ஆம் ஆண்டுச் சட்டமும் நிறுவனங்கள் தணிக்கையாளரை நியமிக்க வேண்டும் என்றன. இரண்டு பேர் பங்குதாரராக இருந்த சிறிய சென்டிரியான் பெர்ஹாட் நிறுவனத்திற்கும் ஆண்டுதோறும் தணிக்கை உண்டு.

சிறு கணக்கியல் நிறுவனங்களுக்கு இதுவே சோறு போட்டது. கடைவீட்டின் மாடியில் ஓர் அறை, நான்கைந்து ஊழியர்கள், சுவர் நிறையக் கோப்புகள். சட்டம் கேட்பதால் வாடிக்கையாளர் வந்தார். ஒவ்வோர் ஆண்டும் வந்தார்.

ஆனால் இதில் ஒரு விலையும் இருந்தது. கணக்குப் புத்தகம் கடைக்காரரின் பெட்டியடியை விட்டு மாடி அறைக்குப் போனது. கடைக்காரர் அதைத் திரும்பிப் பார்ப்பது, கையொப்பமிடும் நாளில் மட்டும் என்றாகிவிட்டது.

ஒரு பை ரசீது

மலேசியாவில் தனிநபர் தொழில் செய்பவர் "பி" பாரத்தை மறு ஆண்டு ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். மே மாதம் பிறந்தால் சிறு கணக்கியல் நிறுவனத்தின் வாசலில் பிளாஸ்டிக் பைகள் வந்து இறங்கும். ரசீதுகள், வங்கிப் பட்டியல்கள், மை மங்கிப்போன பில்கள். ஓர் ஆண்டு வியாபாரத்தை அந்தப் பையிலிருந்து மீட்டெடுக்க வேண்டும்.

இதில் உள்ள ஆபத்தை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கும் ஒருவர், ஜனவரி மாதம் 40,000 ரிங்கிட்டுக்கு வியாபாரம் செய்கிறார். பொருள், கூலி, வாடகை எல்லாம் 34,000 ரிங்கிட். இலாபம் 6,000 ரிங்கிட். ஆனால் வியாபாரத்தில் 15,000 ரிங்கிட் கடனாக நிற்கிறது. கைக்கு வந்தது 25,000 மட்டுமே. செலவையோ முழுவதும் ரொக்கமாகக் கொடுத்தாயிற்று. கணக்கில் 6,000 இலாபம்; கல்லாவில் 9,000 பள்ளம். அதே மாதம் மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கல்லாவிலிருந்து 3,000 எடுத்தால் பள்ளம் 12,000.

இந்தச் செய்தி அவருக்கு எப்போது தெரிய வேண்டும்? பிப்ரவரி முதல் வாரத்தில். பிளாஸ்டிக் பை முறையில் எப்போது தெரிகிறது? அடுத்த ஆண்டு ஜூனில். இடையில் 17 மாதங்கள். அதற்குள் அவர் கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடனும் வாங்கியிருப்பார். "இலாபம் வருகிறதே, பணம் எங்கே போகிறது?" என்று குழம்பும் பலரின் கதை இதுதான்.

குறை கடைக்காரரிடம் மட்டும் இல்லை. மாதந்தோறும் கணக்குப் பார்க்கக் கட்டணம் கேட்டால், "ஆண்டுக்கு ஒரு முறை போதும்" என்கிறார் கடைக்காரர். "கேட்பதைச் செய்துவிட்டுப் போவோம்" என்று ஒதுங்குகிறார் கணக்காளர். பிறருக்குக் கடன் வசூலைப் பற்றி அறிவுரை சொல்லும் அவருக்கே, வாடிக்கையாளர் தர வேண்டிய கட்டணம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்பதும் உண்டு.

மாறிய காற்று

கணினி வந்தபோது இந்த நிலை மாறும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. 1979இல் அமெரிக்காவில் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற மின்னட்டவணையை வெளியிட்டார்கள். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் எல்லாம் தாமே மாறின. 2006இல் நியூசிலாந்தில் ஜீரோ என்ற இணையவழிக் கணக்கு நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கிய ராட் டுரூரியுடன் கைகோத்தவர் ஹேமிஷ் எட்வர்ட்ஸ் என்ற கணக்காளர். கடைக்காரரும் கணக்காளரும் ஒரே புத்தகத்தை ஒரே நேரத்தில் பார்க்க இணையவழிக் கணக்கு வழி திறந்தது.

சட்டமும் மாறிக்கொண்டே வந்தது. மலேசியாவில் 2001இல் நிறுவனங்களுக்கும் 2004இல் தனிநபர்களுக்கும் சுய மதிப்பீட்டு முறை வந்தது. வரியைக் கணக்கிடும் பொறுப்பு வரி செலுத்துபவரின் தோளில் ஏறியது. 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. எனப்படும் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் அறிமுகமானது. ஆண்டு வியாபாரம் 500,000 ரிங்கிட்டைத் தாண்டிய கடைகள் எல்லாம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. இதற்கெனப் பலர் ஆள் சேர்த்தார்கள், மென்பொருள் வாங்கினார்கள். 2018 ஜூனில் அந்த வரி பூச்சியமானது. செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பியது. சட்டத்தை மட்டும் நம்பித் தொழில் நடத்துபவரின் கதி என்ன என்பதை அந்த மூன்றாண்டுகள் உணர்த்தின.

அதைவிடப் பெரிய மாற்றம் தணிக்கை விலக்கு. சிங்கப்பூர் 2003லேயே சிறு தனியார் நிறுவனங்களுக்கு இந்த விலக்கைத் தொடங்கியது. 2015 ஜூலை முதல் அதன் எல்லை விரிந்தது. ஆண்டு வருமானம் 10 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாமை, சொத்து 10 மில்லியன் வெள்ளிக்கு மேற்படாமை, ஊழியர் 50 பேருக்கு மேற்படாமை ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தும் தனியார் நிறுவனம் சிறு நிறுவனமாகக் கருதப்பட்டு விலக்குப் பெறலாம். மலேசியாவும் 2017இல் சிறிய அளவில் இதைத் தொடங்கி, 2025 முதல் எல்லையைப் படிப்படியாக உயர்த்தும் பாதையில் இறங்கியது.

கடைக்காரருக்கு இது செலவுக் குறைப்பு. மாடி அறைக் கணக்காளருக்கு வருமான இழப்பு. இருவரும் கவனிக்க வேண்டிய உண்மை வேறு: தணிக்கையிலிருந்து விலக்கு என்பது கணக்கெழுதுவதிலிருந்து விலக்கு அல்ல. மலேசியாவில் வருமான வரிக்கான ஆவணங்களை ஏழு ஆண்டுகளுக்கும் சிங்கப்பூரில் ஐந்து ஆண்டுகளுக்கும் வைத்திருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் மலேசியாவின் பெரிய நிறுவனங்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமாகி, பின்னர் படிப்படியாக அடுத்த நிலையில் இருந்தவற்றுக்கும் விரிந்தது. வருமான வரி வாரியம் விற்பனையை உடனுக்குடன் பார்க்கும் நிலையில், கடையின் உரிமையாளர் மட்டும் 17 மாதம் கழித்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

பழைய பாடம், புதிய தொழில்

புதிதாகத் தொழில் தொடங்கும் இளையோர் இந்தப் பாடத்தை வேறு வழியில் கற்கிறார்கள். புத்தாக்க நிறுவனம் ஒன்று முதல் சில ஆண்டுகள் நட்டத்திலேயே ஓடக்கூடும். அங்கே வரி முதல் கேள்வி அல்ல. கையிலிருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும், மாதம் எவ்வளவு கரைகிறது, யாருக்கு எத்தனை பங்கு என்பவையே கேள்விகள். 300,000 ரிங்கிட் கையிருப்பு. மாதம் 25,000 கரைகிறது என்றால் 12 மாதம்தான் ஆயுள். பணம் போட்டவர் வேறிடத்தில் இருக்கிறார். கணக்குத்தான் அவருக்குக் கண். செட்டிநாட்டு முதலாளியின் கேள்வியை இன்றைய முதலீட்டாளர் வேறு சொற்களில் கேட்கிறார், அவ்வளவுதான்.

சிறு கணக்கியல் நிறுவனம் வாழும் வழியும் இங்கேதான் இருக்கிறது. படிவம் நிரப்பும் வேலையைக் கணினி மெல்ல மெல்ல எடுத்துக்கொள்ளும். சட்டம் அனுப்பி வைத்த வாடிக்கையாளர்கள் குறைவார்கள். ஆனால், "அண்ணே, இந்த மாதம் கல்லாவில் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்த விருந்துப் பணத்தை முதலில் வசூலியுங்கள். வீட்டுச் செலவுக்குத் தனிக் கணக்கு திறங்கள்" என்று உரிமையோடு சொல்ல ஒருவர் வேண்டும். அதைச் சொல்ல, கடையையும் கடைக்காரரையும் அறிந்திருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் அந்தச் சிறிய கடைக்கு வருவதில்லை. மாடி அறைக்காரர்தான் வர முடியும்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று கிட்டங்கிகள் இல்லை. நகரச் சீரமைப்பில் அவை மறைந்து, உயர்ந்த கட்டடங்கள் எழுந்துவிட்டன. பெட்டியும் பேரேடும் போய்விட்டன. வட்டித் தொழிலைப் பற்றிப் பல கருத்துகள் இருக்கலாம். ஆனால் அந்தக் கூடத்தில் ஒவ்வொரு நாளும் நடந்த ஒரு காரியத்தில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை: அன்றைய கணக்கு அன்றே எழுதப்பட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். அளப்பது ஆற்றுக்காக அல்ல, போடுகிறவனுக்காக. இன்றிரவு கடையின் கதவை இழுத்து மூடுமுன், கல்லாவில் இருப்பது எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று மூன்று வரி எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் கணக்கு உங்களுடையது. முடியாவிட்டால், நாளைக் காலையே உங்கள் கணக்காளரைத் தேடிப் போங்கள். ஜூன் மாதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.