ஏழு ஆண்டுக் கணக்கு

பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் 'கோன் வித் த விண்ட்' படத்தை நண்பர்களோடு சேர்ந்து பார்த்தேன். படம் முடிந்த பின் எல்லோரும் ஸ்கார்லெட்டைப் பற்றியே பேசினோம். விவியன் லீ ஏற்ற அந்த அடங்காப் பெண்ணுக்கு முன்னால், மெலனி என்ற மற்றவள் எங்கள் கண்ணில் படவேயில்லை. மெல்லப் பேசுவாள், யாரையும் நம்புவாள், தன் கணவன் மீது கண் வைத்தவளுக்கும் நன்மையே நினைப்பாள். "இப்படியும் ஒரு சாதுவா?" என்று நான் சிரித்தது நினைவிருக்கிறது. அந்தச் சாதுவாக நடித்த ஒலிவியா டி ஹாவிலண்ட், படம் வெளிவந்த 1939ஆம் ஆண்டுக்குப் பின் ஐந்தே ஆண்டுகளில் ஹொலிவூட் முதலாளி ஒருவரை நீதிமன்றத்தில் வென்றவர் என்பதை மிகப் பிந்தியே அறிந்தேன்.

ஒலிவியா 1916ஆம் ஆண்டு ஜூலை முதலாந் திகதி டோக்கியோவில் பிறந்தார். பெற்றோர் பிரித்தானியர். தாயார் நாடகப் பயிற்சி பெற்றவர். ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரம் ஒன்றின் பெயரையே மூத்த மகளுக்குச் சூட்டினார். 1919இல் தாயும் இரு பெண்பிள்ளைகளும் கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தனர். கல்லூரியில் படித்து ஆங்கில ஆசிரியையாக வேண்டும் என்பதே ஒலிவியாவின் எண்ணமாக இருந்தது. 1934இல் மக்ஸ் ரைன்ஹார்ட் 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தைத் திறந்தவெளி அரங்கில் மேடையேற்றியபோது, மாற்று நடிகையாகச் சேர்ந்த இந்த 18 வயதுப் பெண்ணுக்கு, முன்னால் இருந்தவர்கள் விலகிக் கொண்டதால் ஹெர்மியா பாத்திரம் கிடைத்தது. வோர்னர் பிரதர்ஸ் கம்பனி அவரைப் பிடித்துக் கொண்டது. எங்கள் தொழிலுக்கு ஓர் ஆசிரியை குறைந்து போனார்.

எரல் ஃபிளினுக்கு இணையாக 'கப்டன் பிளட்', 'ரொபின் ஹூட்' என எட்டுப் படங்களில் நடித்தார். கதாநாயகன் வாள் வீசுவார். கதாநாயகி அழகாகக் காத்திருப்பார். அதுதான் அவருக்கு அளக்கப்பட்ட படி. மெலனி பாத்திரத்துக்காக வேறொரு தயாரிப்பாளரிடம் அவரை இரவல் கொடுக்க ஜக் வோர்னர் முதலில் மறுத்தார். ஒலிவியா வோர்னரின் மனைவியைத் தேநீருக்கு அழைத்துப் பேசி, அவர் மூலமாகவே சம்மதம் வாங்கினார். பலனாகக் கிடைத்தது ஒஸ்கார் பரிந்துரை. 1941இல் பரமவுண்ட் கம்பனிக்கு இரவலாகப் போய் நடித்த 'ஹோல்ட் பக் த டோன்' படமும் பரிந்துரை பெற்றது. அந்த முறை பரிசு போனதோ அவருடைய தங்கை ஜோன் ஃபொன்டெயினுக்கு. அக்காள் தங்கை மனத்தாங்கலைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய பக்கங்களில் நூறில் ஒரு பங்கைக்கூட நான் சொல்லவரும் விடயத்துக்கு ஒதுக்கவில்லை என்பது என் மனக்குறை. கவனிக்க வேண்டியது வேறு: அவருக்குப் பெயர் தந்த இரண்டு பாத்திரங்களும் பிறர் வீட்டில் கிடைத்தவை.

அந்நாளைய ஒப்பந்த முறையைச் சற்று விளக்க வேண்டும். 1936 ஏப்ரலில், 19 வயதில் அவர் செய்த ஒப்பந்தம் முதலில் 52 வாரத்துக்கு. அதன்பின் ஆண்டுக்கு ஒரு தடவையாக ஆறு தடவை அதை நீட்டிக்கலாம். நீட்டிக்கும் உரிமை கம்பனிக்கு மட்டுமே. நடிகை தானாக விலக முடியாது. கொடுத்த பாத்திரம் பிடிக்கவில்லை என்றால் மறுக்கலாம். ஆனால் மறுத்தால் இடைநிறுத்தம், சம்பளம் இல்லை, அந்தக் காலம் ஒப்பந்தத்தின் கடைசியில் ஒட்டப்படும். சம்பளம் வாங்காத நாட்களையும் உழைத்துத் தீர்க்க வேண்டும்! கணக்கு முழுவதும் முதலாளியின் கையில். இதே கம்பனியின் பிடியிலிருந்து விலகி, 1936இல் இங்கிலாந்தில் நடிக்க முனைந்த பெட்டி டேவிஸ் இலண்டன் நீதிமன்றத்தில் தோற்றுத் திரும்பியிருந்தார். அதைக் கண்ட மற்றவர்கள் வாய் திறக்கவில்லை.

1943 மே மாதம் ஒலிவியாவின் ஏழு ஆண்டுகள் முடிந்தன. இல்லை, இடைநிறுத்தப்பட்ட 25 வாரம் பாக்கி இருக்கிறது என்றது கம்பனி. மார்ட்டின் கங் என்ற சட்டத்தரணி அவருக்கு ஒரு பழைய சட்டத்தைக் காட்டினார். கலிபோர்னியாவில் எந்தத் தொழிலாளியையும் ஏழு ஆண்டுக்கு மேல் ஒரே ஒப்பந்தத்தின் பேரில் வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்த முடியாது என்பது அது. நடிகைகளுக்காக எழுதப்பட்ட சட்டமல்ல. எல்லா உழைப்பாளருக்கும் பொதுவானது. ஓகஸ்டில் வழக்குத் தொடுத்தார்.

வழக்கின் நுட்பம் ஒரு சொல்லில்தான் இருந்தது. ஆண்டு என்றால் எது? உண்மையில் வேலை செய்த காலத்தைக் கூட்டி வரும் ஏழு ஆண்டு என்றது கம்பனி. நாட்காட்டியில் கழியும் ஏழு ஆண்டு என்றார் ஒலிவியா. சொற்பொருளை வைத்துப் பிழைக்கும் எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். 1944 மார்ச்சில் கீழ் நீதிமன்றமும், டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் நாட்காட்டியின் பக்கமே நின்றன. நீடிப்புக்கு அவரே சம்மதித்தாரே என்ற வாதமும் எடுபடவில்லை. பொதுநலனுக்கான பாதுகாப்பைத் தனிமனிதர் ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்க முடியாது என்றது தீர்ப்பு. 1945 பெப்ரவரியில் மாநில உயர் நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரிக்க மறுத்ததோடு விடயம் முடிந்தது.

இடைப்பட்ட காலம் இலேசானதல்ல. இவர் எங்களுக்குக் கட்டுப்பட்டவர் என்று மற்றக் கம்பனிகளுக்கெல்லாம் வோர்னர் கடிதம் அனுப்பியிருந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் படமே இல்லை. திரையில் ஒரு நடிகையின் இருபதுகள் எவ்வளவு விலையுயர்ந்தவை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்த நாட்களில் அலாஸ்காவிலும் தென் பசுபிக் தீவுகளிலும் காயமுற்ற போர்வீரர் இருந்த மருத்துவமனைகளுக்குப் போய் வந்தார். போருக்குப் போன நடிகர்களின் சேவைக் காலத்தையும் ஒப்பந்தத்தோடு ஒட்டிவிடும் வழி இந்தத் தீர்ப்பால் அடைபட்டது. வழக்கு நடந்தபோது அவர்களில் எத்தனை பேர் இதை நினைத்தார்களோ!

சிலப்பதிகாரம் கற்பிக்கும்போது, புகாரில் வாய் திறவாத கண்ணகிக்கு மதுரையில் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். அது முன்பே இருந்தது, கேட்க ஆளில்லை என்பேன். ஒலிவியாவுக்கும் அதே பதில்தான்.

விடுதலைக்குப் பின் வந்தவையே அவருடைய பெரிய படங்கள். 'டு ஈச் ஹிஸ் ஓன்' (1946) முதல் ஒஸ்காரைத் தந்தது. மனநோய் மருத்துவமனையின் அவலத்தைக் காட்டிய 'த ஸ்னேக் பிட்' (1948) படத்தில் அழகை முற்றாகத் துறந்து நடித்தார். 'த ஹெயரெஸ்' (1949) ஹென்றி ஜேம்ஸின் நாவலிலிருந்து நாடகமாகிப் பின் படமானது. இரண்டாவது ஒஸ்கார் அதற்கே. பணத்துக்காகக் காதலித்து ஏமாற்றியவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவளோ தாழ்ப்பாளை இடச் சொல்லிவிட்டு, விளக்கோடு படியேறுகிறாள். அந்த முகத்தில் கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. என் கணிப்பில் அவருடைய உச்சம் அதுவே.

1950களில் பாரிசில் குடியேறினார். 1965இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுத் தலைவரான முதற் பெண் அவரே. 2017இல், 101ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், ஒரு தொலைக்காட்சித் தொடர் தன்னைத் தவறாகச் சித்திரித்ததாக மறுபடியும் வழக்குத் தொடுத்தார், அதில் தோற்றார். 2020 ஜூலை 26இல், 104 வயதில் காலமானார். 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆயினும் 1987இல் இசைத்தட்டுக் கம்பனிகள் அதில் ஒரு விலக்கைப் பெற்றுக் கொண்டன. ஏழு ஆண்டில் விலகும் பாடகர், ஒப்புக்கொண்டு கொடுக்காத இசைத்தட்டுகளுக்காக நட்டஈட்டு வழக்கைச் சந்திக்க நேரலாம்.

அண்மையில் 'கோன் வித் த விண்ட்' படத்தை மறுபடியும் பார்த்தேன். பிள்ளை பெற்ற உடம்பு தேறாத நிலையில், இரவு உடையோடு, தூக்கமுடியாத வாள் ஒன்றை இழுத்துக் கொண்டு மெலனி படிக்கட்டின் உச்சிக்கு வருகிறாள். கீழே, வீட்டுக்குள் நுழைந்த சிப்பாயை ஸ்கார்லெட் சுட்டு வீழ்த்தியிருக்கிறாள். சத்தம் கேட்டுப் பதறும் வீட்டாருக்கு, துப்பாக்கியைத் துடைத்தபோது தவறுதலாக வெடித்துவிட்டது என்று மெலனி சிரித்தபடியே பொய் சொல்கிறாள். பிறகு, செத்தவனின் பையைச் சோதித்துப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்கிறாள்.